கை ஓங்கும் இடம்

சென்ற மாசியில் ஓர் இரவு என் மகன் என் மணிக்கட்டைப் பிடித்தான். அவனுக்கு 14 வயது. என்னைவிட நான்கு விரல் உயரம். ஏதோ ஒரு சின்ன விஷயத்தில் வாக்குவாதம் தொடங்கியது. என்ன விஷயம் என்பது எனக்கு மறந்துவிட்டது, அவனுக்கு மறந்திராது. அவன் பிரெஞ்சில் ஒரு சொல் சொன்னான், நான் கையை ஓங்கினேன். ஓங்கிய கை இறங்கவில்லை. நடுவில் அவன் கை வந்து பிடித்துக்கொண்டது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. இரண்டு மூன்று கணம் அப்படியே நின்றோம். பிறகு அவனாகவே விட்டான். தன் அறைக்குப் போய்க் கதவை மெதுவாகச் சாத்தினான்.

அன்று இரவு நான் தூங்கவில்லை. கோபத்தில் அல்ல. அவன் கையை விட்ட விதம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. முறுக்கியிருக்கலாம், தள்ளியிருக்கலாம். அந்த நேரத்தில் அந்த அறையில் பலம் யாரிடம் இருந்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பலம் உள்ளவன் அதைப் பயன்படுத்தாமல் விட்டான். அதே வீட்டில், அதே இடத்தில், பலம் என்னிடம் இருந்த காலத்தில் நான் என்ன செய்தேன் என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும்.

பாரிசில் ஓர் உணவகத்தின் குசினியில் 17 வருடங்களாக வேலை செய்கிறேன். கோப்பை கழுவுவதில் தொடங்கி, மரக்கறி வெட்டி, இப்போது அடுப்படியில் நிற்கிறேன். வேலையிடத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. பொறுமைசாலி. ஷெஃப் கத்துவார், நான் நிமிர்ந்தும் பார்க்க மாட்டேன். ஒருமுறை சூடான தாச்சியை என் பக்கமாக எறிந்தார். குனிந்து எடுத்துக் கழுவி வைத்தேன். புதிதாக வரும் பொடியன்களிடம் என்னைக் காட்டி, 'இந்த அண்ணையைப் பார்த்துப் பழகுங்கோ' என்று சொல்வார்கள். எனக்கும் அதில் ஓர் இரகசியப் பெருமை இருந்தது.

தாச்சி எறியப்பட்ட அன்றைய இரவு கடைசி மெத்ரோவில் வீடு வந்தேன். மகனுக்கு அப்போது 12 வயது. கைத்தொலைபேசியோடு விழித்திருந்தான். தூங்கச் சொன்னேன், முணுமுணுத்தான், அறைந்தேன். அவன் அழவில்லை, என்னைப் பார்த்தான். காலையில் கன்னத்தில் விரல் அடையாளம் இருந்தது. மனைவி என்னோடு மூன்று நாள் கதைக்கவில்லை. அதற்கு முன்னரும் அடித்திருக்கிறேன். ஆனால் அந்த அறை தாச்சிக்குப் பதில் என்பது அடித்த கணத்திலேயே எனக்குத் தெரிந்தது. அதனால்தான் அது மட்டும் மறக்கவில்லை.

கையைப் பிடித்த அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் பேச ஒரு வழி வேண்டியிருந்தது. அவனுக்கு யப்பானிய வாள்வீரர்களைப் பிடிக்கும். பிரான்சில் வளரும் பிள்ளைகள் பலரைப் போல அவனும் மங்கா படித்துத்தான் வாசிக்கவே பழகினான். வட்சுகி நொபுஹிரோ 1994 முதல் 1999 வரை தொடராக வரைந்த 'ருரோனி கென்ஷின்' தொகுதிகள் அவனுடைய மேசையில் அடுக்கி இருக்கின்றன. நான் ஒன்றை எடுத்துப் புரட்டி, 'யார் இந்தாள்?' என்று கேட்டேன். ஒரு மணி நேரம் சொன்னான்.

கென்ஷின் இளமையில் ஒரு கொலையாளி. சோகுன் ஆட்சியைக் கவிழ்க்க எழுந்தவர்களுக்காக வாள் எடுத்துப் பலரைக் கொன்றவன். மெய்ஜி ஆட்சி வந்தபின் இனி எவரையும் கொல்வதில்லை என்று உறுதி எடுத்து ஊர் ஊராக அலைகிறான். அவன் கையில் இருப்பது கூர்மை மறுபக்கமாக வைத்து அடிக்கப்பட்ட வாள். வீசினால் எதிராளியைத் தொடுவது மழுங்கிய பக்கம். கூர் தன்னை நோக்கியே இருக்கும். வாள் கொல்வதற்கான கருவி, வாள்கலை கொல்வதற்கான கலை, எவ்வளவு அழகான சொற்களால் மூடினாலும் உண்மை அதுதான் என்பது அவன் கருத்து. ஆனாலும் வாள் உயிரைக் காப்பதற்கே என்று நம்பும் ஒரு பெண்ணின் வெகுளித்தனமான பேச்சுத்தான், தனக்குத் தெரிந்த உண்மையைவிடத் தனக்குப் பிடித்திருக்கிறது என்கிறான்.

எனக்கும் அது பிடித்தது. ஆனால் ஒரு சந்தேகமும் வந்தது. கென்ஷின் எப்போதும் எதிராளியைவிடப் பலசாலி. மழுங்கிய பக்கத்தால் அடித்தாலும் வெல்லக்கூடியவனுக்குக் கருணை கட்டுப்படியாகும். சாதாரண மனிதனுக்கு? கடனும் களைப்பும் உள்ளவனுக்கு? நான் முன்பு ஒருமுறை பார்த்திருந்த ஒரு படம் நினைவுக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் அதைச் சேர்ந்து பார்த்தோம்.

யமாதா யோஜி 2002இல் இயக்கிய படம் அது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் 'அந்திச் சாமுராய்' என்று பொருள்படும் பெயரில் அறியப்படுகிறது. ஃபுஜிசாவா ஷூஹெய்யின் சிறுகதைகளிலிருந்து எடுக்கப்பட்டது. சிறந்த பிறமொழிப் படத்துக்கான ஒஸ்கார் பரிந்துரையும் பெற்றது. கதை நடக்கும் உனசகா என்ற சிற்றரசு ஃபுஜிசாவாவின் கற்பனை. அவர் பிறந்த வடக்கு யப்பானின் சுருவோகா பகுதிதான் அதற்கு மாதிரி. காலம் 1868ஆம் ஆண்டு மாற்றத்துக்குச் சற்று முன்.

இகுச்சி செய்பே கோட்டைக் களஞ்சியத்தில் கணக்குப் பார்க்கும் கடைநிலைச் சாமுராய். மனைவி காசநோயில் இறந்துவிட்டாள். இரண்டு சிறுமிகள், நினைவு தவறிய தாய், தீராத கடன். வேலை முடிந்ததும் சக ஊழியர்கள் குடிக்கக் கூப்பிடுவார்கள். அவர் போகாமல் அந்தி சாயும் நேரத்தில் நேரே வீட்டுக்குப் போவார். அதனால் 'அந்திச் செய்பே' என்று பட்டப்பெயர். வீட்டில் இரவிரவாகப் பூச்சிக்கூடு பின்னி விற்கிறார். உடுப்புக் கிழிந்து, குளிக்க நேரமின்றி நாறுகிறார். மேலதிகாரிகள் முகம் சுளிக்கிறார்கள். இந்த மனிதர் இளமையில் குறுவாள் பயிற்சியில் பெயர் எடுத்தவர் என்பதைப் படம் நமக்கு மெதுவாகத்தான் சொல்கிறது. அவரும் அதை மறந்துவிட்டவர் போலவே இருக்கிறார்.

தொமொயே என்ற பெண் அவருடைய சிறுவயதுத் தோழி. குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடமிருந்து பிரிந்து வந்து தமையன் வீட்டில் இருக்கிறாள். அந்தக் கணவன் அங்கேயும் வந்து கலாட்டா செய்கிறான், வாள்சண்டைக்கு அழைக்கிறான். சண்டையைச் செய்பே தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார். ஆற்றங்கரைக்கு அவர் கொண்டுபோவது ஒரு மரத்தடி. எதிரில் உருவிய வாள். தடியால் இரண்டு மூன்று அடியில் அவனை மயக்கமடையச் செய்துவிட்டுப் போகிறார். என் மகன் கை தட்டினான். 'கென்ஷின் மாதிரி' என்றான்.

படம் இந்த இடத்தில் முடிந்திருந்தால் அது நல்ல வீரக்கதையாக இருந்திருக்கும். ஆனால் அந்தத் தடியடியிலிருந்துதான் செய்பேயின் துன்பம் தொடங்குகிறது. செய்தி பரவுகிறது. களஞ்சியத்தில் இருக்கும் அந்த அழுக்கு மனிதன் பெரிய வாள்வீரன் என்று மேலிடத்துக்குத் தெரிந்துவிடுகிறது. சிற்றரசர் இறந்து பதவிப்போட்டி நடந்தபோது, தோற்ற பக்கத்தைச் சேர்ந்த யோகோ என்ற வீரருக்கு வயிற்றைக் கிழித்துச் சாகும்படி கட்டளை போகிறது. அவர் மறுக்கிறார். கொல்லப் போனவனையும் கொன்றுவிட்டு வீட்டுக்குள் இருக்கிறார். 'நீ போய்க் கொல்' என்று செய்பேயைக் கூப்பிட்டுச் சொல்கிறார்கள்.

அவர் சொல்லும் பதிலுக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினேன். தன்னால் முடியாது என்கிறார். ஒரு மனிதனைக் கொல்வதற்கு மிருகத்தின் வெறி வேண்டும், தன் உயிரைப் பொருட்படுத்தாத மனமும் வேண்டும். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு வறுமையில் வாழ்ந்த இந்த வருடங்களில் தன்னிடம் இரண்டுமே இல்லாமல் போய்விட்டன என்ற பொருள்படப் பேசுகிறார். அவற்றைத் திரட்டிக்கொள்ளக் கொஞ்சம் அவகாசம் கேட்கிறார். அவர்கள் கோபப்படுகிறார்கள். கட்டளையை மீறுவதா என்று மிரட்டுகிறார்கள். கடைசியில் தலை வணங்கி ஒப்புக்கொள்கிறார்.

செய்பே பலத்தைப் புயத்தில் தேடவில்லை என்பது எனக்குப் புதிதாக இருந்தது. கை பழகியதை மறக்கவில்லை, ஆற்றங்கரையில் அது தெரிந்தது. இல்லாமல் போனது வெறி. அது எப்படிப் போனது? தியானம் செய்தோ சத்தியம் செய்தோ போகவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, பக்கத்தில் அவர்கள் பாடம் சொல்லக் கேட்டுக்கொண்டு பூச்சிக்கூடு பின்னியதில் போயிருக்கிறது. கென்ஷினின் அடக்கம் ஓர் உறுதிமொழி. ஒவ்வொரு சண்டையிலும் அதைக் காப்பாற்றப் போராட வேண்டியிருக்கிறது. செய்பேயின் அடக்கம் அன்றாட வேலையின் மிச்சம். அவர் அதைச் சாதனையாகச் சொல்லவில்லை. ஒரு குறைபாட்டை ஒப்புக்கொள்வதுபோல, வெட்கத்தோடு சொல்கிறார்.

இரண்டாவது விஷயம் கசப்பானது. காட்டிய பலத்தைப் பிறகு ஒளிக்க முடியாது. செய்பே தடியால் அடித்தது கொல்லாமல் இருப்பதற்காக. ஆனால் தடியால் வாளை வென்றவன் என்ற அந்தப் பெயரே அவரைக் கொலைக்கு அனுப்பியது. ஊரில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓர் அண்ணா இருந்தார். வலுவான ஆள், யாரையும் அடித்ததில்லை. பந்தடியில் சண்டை வந்தால் இரண்டு பக்கத்தையும் கைகளால் தள்ளிப் பிரித்துவிடுவார். எண்பதுகளில் ஆட்கள் தேடி வந்தபோது முதலில் கேட்டது அவரைத்தான். அடிப்பவனைத் தேடி அவர்கள் வரவில்லை, பிரித்து வைக்கக்கூடியவனைத் தேடி வந்தார்கள். அவர் போய்விட்டார், திரும்பி வரவில்லை. பலத்தை அடக்கிக்கொள்வது உள்ளவனுடைய கையில் மட்டும் இல்லை என்பதை நான் படத்தில் பார்ப்பதற்கு முன்பே பார்த்திருக்கிறேன்.

யோகோவின் வீட்டில் நடப்பது இன்னும் மோசம். இருண்ட வீட்டில் அவர் குடித்துக்கொண்டு இருக்கிறார். தப்பி ஓட விடும்படி கேட்கிறார். இருவரும் உட்கார்ந்து கதைக்கிறார்கள். யோகோவின் மனைவியும் நோயில் இறந்தவள், மகளும் இறந்துவிட்டாள். இருவரும் ஏறக்குறைய ஒரே வாழ்க்கையை வாழ்ந்தவர்கள். செய்பே அவரைப் போகவிட்டுவிடுவார் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. அந்த நெருக்கத்தில் செய்பே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறார். மனைவியின் இறுதிச் சடங்குச் செலவுக்காக வாளை விற்றுவிட்டதாகவும், இடுப்பில் இருக்கும் உறைக்குள் மூங்கில்தான் இருக்கிறது என்றும் காட்டுகிறார். யோகோவின் முகம் மாறுகிறது. குறுவாளோடு வந்து என்னைக் கொல்லலாம் என்று நினைத்தாயா என்று எழுகிறார். கடைசியில் யோகோவின் நீண்ட வாள் வீட்டின் மரச்சட்டத்தில் மாட்டிக்கொள்ள, செய்பேயின் குறுவாள் அவரைச் சாய்க்கிறது.

'ஏன் அப்பா அவருக்குக் கோபம் வந்தது? இவர் உண்மையைத்தானே சொன்னவர்?' என்று மகன் கேட்டான். எனக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு சொன்னேன்: 'தன்னை அவ்வளவு குறைவாக எடைபோட்டுவிட்டார்கள் என்று நினைச்சிருப்பார்.' வாள் இல்லாதவனாக வந்ததைச் செய்பே வறுமை என்று சொன்னார், யோகோ அதை அவமதிப்பு என்று கேட்டார். மரத்தடியும் அப்படித்தான். அடிபட்டவனுக்கு அது கருணையாகத் தெரிந்திருக்குமா?

மகன் விடவில்லை. 'இவர் நல்லவர் எண்டால் ஏன் கொன்றவர்? மாட்டேன் எண்டு சொல்லியிருக்கலாமே.' இந்தக் கேள்விதான் என்னை ஆட்டியது. உண்மைதான். தன் சொந்தச் சண்டையில் தடியோடு போன மனிதர், மேலதிகாரியின் சண்டையில் வாளோடு போகிறார். தன்னை மிரட்டியவர்களிடம் தலை குனிந்துவிட்டு, தன்னைப் போலவே நொந்துபோன ஒருவரை வெட்டுகிறார். மறுத்திருந்தால் அவருடைய பிள்ளைகள் தெருவுக்கு வந்திருப்பார்கள். அது சரியான காரணம்தான். ஆனாலும் கீழே விழுந்தது கட்டளை போட்டவர்கள் அல்ல, யோகோ.

அந்த இடத்தில் நான் என்னைப் பார்த்தேன். ஷெஃப்பிடம் குனிந்து தாச்சியை எடுத்தவன், வீட்டுக்கு வந்து 12 வயதுப் பிள்ளையின் கன்னத்தில் அதை இறக்கினான். மேலே பணிந்ததைக் கீழே தீர்ப்பது. செய்பேக்குக் கட்டளை இருந்தது, எனக்கு அதுவும் இல்லை. இன்னொரு வித்தியாசமும் உண்டு. அவ்வளவு அவமானத்தையும் சுமந்து வீட்டுக்கு வந்த அந்த மனிதர் படம் முழுவதும் ஒரு தடவைகூடத் தன் பிள்ளைகள் மேல் கை ஓங்கவில்லை. கொல்லத் தெரிந்த கை வீட்டுக்குள் பூச்சிக்கூடு மட்டும்தான் பின்னியது.

திருக்குறளில் வெகுளாமை அதிகாரத்தைச் சிறுவயதில் மனனப் போட்டிக்காகப் பாடமாக்கியிருந்தேன். சினம் பலிக்கக்கூடிய இடத்தில் அதைத் தடுப்பவன்தான் தடுப்பவன், பலிக்காத இடத்தில் தடுத்தால் என்ன, விட்டால் என்ன என்பது அதன் முதற் குறளின் கருத்து. பரிசும் வாங்கினேன். அது என்னைப் பற்றியது என்று தெரிய இவ்வளவு காலம் ஆயிற்று. குசினியில் என் பொறுமை பொறுமையே அல்ல. அங்கே என் கோபம் பலிக்காது. கோபித்தால் வேலை போகும், வேலை போனால் வாடகை போகும். அதற்குப் பயம் என்று பெயர். பயத்தில் குற்றமில்லை, ஆனால் அதைக் குணம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். என் கோபம் பலிக்கும் இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் வீடு. அங்கேதான் நான் அதைத் தடுக்கவில்லை.

நாங்கள் வாழும் நாடுகளில் இதற்குச் சட்டம் உண்டு. சுவீடன் 1979இலும் நோர்வே 1987இலும் பிள்ளைகளை அடிப்பதைத் தடைசெய்தன. பிரான்ஸ் 2019 யூலையில்தான் பெற்றோரின் அதிகாரம் உடல் வன்முறையோ உள வன்முறையோ இன்றிச் செலுத்தப்பட வேண்டும் என்று சட்டத்தில் சேர்த்தது. எங்கள் ஆட்கள் கூடும் இடங்களில் இதைப் பற்றிப் பகிடியாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். 'இங்கே பிள்ளைக்கு ஒரு தட்டுத் தட்டேலாது, தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள்.' நானும் சிரித்திருக்கிறேன். சட்டத்துக்குப் பயந்து கையை மடக்கினால் அது அடக்கமா? குறளின் கணக்கில் இல்லை. அடிப்பவனின் குணத்தை எடைபோடும்போது காரணம் முக்கியம். ஆனால் அடிபடும் பிள்ளையின் கன்னத்துக்குக் காரணம் முக்கியமில்லை. அப்பா பயத்தில் விட்டாரா அன்பில் விட்டாரா என்று கன்னம் கேட்பதில்லை, அடி விழவில்லை என்பதே அதற்குப் போதும். ஆகவே சட்டம் இருக்கட்டும். என் குணம் திருந்தும் வரை பிள்ளை காத்திருக்க வேண்டியதில்லை.

எங்களில் சிலர் இன்னொன்றும் சொல்வார்கள்: 'நாங்களும் அடி வாங்கித்தானே வளர்ந்தோம், கெட்டா போனோம்?' நானும் அடி வாங்கி வளர்ந்தவன்தான். என் அப்பா தோட்டத்தில் களைத்து வந்து அடிப்பார். அவருக்கு மேலே யார் இருந்தார்கள், அவருடைய தாச்சியை எறிந்தவர் யார் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவரை இன்னும் நன்றாகப் புரிந்திருப்பேன். ஆனால் புரிந்துகொள்வது வேறு, அதையே நானும் செய்வது வேறு.

படம் முடிந்தபின் மகனிடம் கேட்டேன். 'அண்டைக்கு என்ர கையை ஏன் விட்டனீ?' நான் எதிர்பார்த்த பதில் ஒன்று இருந்தது. அப்பா என்பதால் என்று சொல்வான் என நினைத்தேன். அவன் கொஞ்சம் யோசித்து, 'உங்கட கை மெல்லிசா இருந்தது. உடைஞ்சிடும் எண்டு பயந்திட்டன்' என்றான். பிறகு கைத்தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டான்.

அந்தப் பதிலில் மரியாதையோ கடமையோ இல்லை. தன் கையில் அகப்பட்டது எவ்வளவு மெலிந்தது என்பதை அவன் கை உணர்ந்திருக்கிறது. அதைத்தான் அவன் 12 வயதில் இருந்தபோது என் கை உணரவில்லை. அப்போது அவனுடைய கன்னமும் சின்னதாகத்தான் இருந்தது.

மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. தமிழில் அந்தச் சொல் வாய்க்கு வரவில்லை. பிரெஞ்சில் சொன்னேன். அவன் தலையை நிமிர்த்தாமல் 'சரி அப்பா' என்று தமிழில் சொன்னான். மன்னித்துவிட்டானா என்று எனக்குத் தெரியாது. அதை நான் கேட்பதும் சரியில்லை. அது அவன் விரும்பும் நேரத்தில் விரும்பினால் தரக்கூடியது.

சித்திரையில் முதலாளியிடம் பேசி இரவு வேலையிலிருந்து பகல் வேலைக்கு மாறினேன். இரவுக் காசு இல்லாததால் சம்பளம் குறைந்துவிட்டது. மனைவி கணக்குப் பார்த்து, சமாளிக்கலாம் என்றார். ஷெஃப் இன்னும் கத்துகிறார். வேலையிடத்துப் பொடியன்கள் என்னைப் 'பின்னேர அண்ணை' என்று பகிடி பண்ணுகிறார்கள். செய்பேயைப் பற்றி அவர்களுக்கு நான் சொல்லவில்லை. ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து வெங்காயம் உரிக்கிறேன். மகன் மேசையில் பாடம் செய்கிறான், அல்லது செய்வதுபோல இருக்கிறான். இன்னும் சில நாட்களில் எனக்குக் கோபம் வருகிறது. வரும்போது முதலில் என் கையைப் பார்க்கிறேன், அது எங்கே இருக்கிறது என்று.